‘கை வலிக்கலையே?’ என்று கேட்ட அட்டைகள்

பாபநாசத்தில் ரயிலடிக்குப் போகிற தெருவில் பிரகதீஸ்வரி என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘சீல் கடை அக்கா’ என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். இத்தனைக்கும் அந்த சீல் கடையை மூடி ஐந்தாறு வருடம் ஆகிறது. அது அவளுடைய கடையும் இல்லை. தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஒருவர் நடத்திய கடையில் பதினோரு வருடம் ரப்பர் ஸ்டாம்பு செய்யும் வேலை பார்த்தாள்.

ரப்பர் ஸ்டாம்பில் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் திரும்பி நிற்கும். ஒரு புள்ளி விட்டுப்போனால் ஊர்ப் பெயரே வேறாகிவிடும். அதனால் கடைக்கு வருகிறவர்களிடம் எதையும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பிரகதி கையை வைப்பாள். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. “சாம்பாரா, ரசமா?” என்று கேட்டு, பதில் வந்த பிறகும் “ரசம்தானே?” என்பாள். அவள் புருஷன் தமிழரசன் நெல் கொள்முதல் நிலையத்தில் சீசனுக்குப் பட்டியல் எழுதுகிறவன். “அடுத்த ஜென்மத்துலயாவது ஒரே தடவை கேளுடி” என்பான்.

கடைக்காரர் மகனோடு இருக்கப் போகிறேன் என்று கோயம்புத்தூருக்குக் கிளம்பியபோது, மிச்சமிருந்த ரப்பர் தகடுகளையும் மரப் பிடிகளையும் ஒரு சாக்குப் பையில் போட்டு அவளிடம் கொடுத்தார். வேலை போன துக்கத்தில் அந்தப் பை மூன்று மாதம் கட்டிலுக்கடியில் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் தூக்கம் வராமல் பையைப் பிரித்து, பிளேடால் ஒரு துண்டு ரப்பரில் கொக்கு ஒன்றைச் செதுக்கினாள். ஒற்றைக்கால் கொக்கு. மை தொட்டு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் குத்திப் பார்த்தாள். பதினோரு வருடம் அடுத்தவர் பதவியையும் விலாசத்தையுமே செதுக்கிய கைக்கு அந்தக் கொக்கு வேடிக்கையாக இருந்தது. பக்கத்தில் ஒரு நெற்கதிர் வைத்தால் என்ன என்று தோன்றியது. சாயங்காலத்துக்குள் நெற்கதிரும் வந்துவிட்டது.

அப்படித்தான் வாழ்த்து அட்டை செய்ய ஆரம்பித்தாள். கும்பகோணத்தில் ஒரு ஸ்டேஷனரி கடையில் அழுத்தினால் காகிதத்தில் பூ வெட்டுகிற பஞ்ச் மெஷினும், பட்டாம்பூச்சி வெட்டுகிற மெஷினும், அட்டையின் ஓரத்தைச் சரிகை மாதிரி கத்தரிக்கிற நீளமான மெஷினும் வாங்கினாள். பஞ்ச் முனை மழுங்கினால் உப்புத்தாளை வைத்து நாலு தடவை அழுத்த வேண்டும், இறுகிப்போனால் மெழுகு தேய்த்த காகிதத்தை வைத்து அழுத்த வேண்டும் என்பதை அவளே பழகித் தெரிந்துகொண்டாள். தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவரின் பணி நிறைவுக்கு முதல் அட்டை போயிற்று. பிறகு வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், பொங்கல் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கேட்டு வந்தார்கள். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் சின்னதாக ‘பிரகதி கைவினை, பாபநாசம்’ என்று ஒரு ஸ்டாம்பு குத்துவாள். பெயரைச் சுருக்கிக்கொண்டதற்கு ரப்பர் துண்டு சின்னதாக இருந்தது ஒன்றுதான் காரணம்.

ஒரு ஆனி மாதம், மேட்டூர் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து குறுவை நடவு நடந்துகொண்டிருந்த சமயம், கூத்தாநல்லூரிலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார். பெயர் உபைதுல்லா. குரலைக் கேட்டால் அறுபதைத் தாண்டியவர் என்று தெரிந்தது. ஒரு கல்யாண வீட்டில் அவளுடைய அட்டையைப் பார்த்து, நம்பரை விசாரித்து வாங்கினாராம். தரங்கம்பாடியில் மங்களாம்பிகை என்ற அம்மாவுக்கு மாதம் ஒரு அட்டை செய்து தபாலில் அனுப்ப வேண்டும் என்றார்.

“உள்ள என்ன எழுதணும் பாய்?”

“கை வலிக்கலையேம்மா? அவ்வளவு எழுதுங்க, போதும்.”

“என்னதுங்க?”

“கை. கை வலிக்கலையேம்மான்னு.”

பிரகதி பேனாவைக் கீழே வைத்தாள். “கைதானே? ஒடம்பு சரியில்லாம இருக்காங்களா அவங்க?”

“அதெல்லாம் இல்லம்மா.”

“சரி, அனுப்புறது யாருன்னு உங்க பேரைப் போட்டுடவா?”

“பேரு வேணாம். படிச்சா அவங்களுக்கே தெரியும்.”

போனை வைத்த பிறகும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறந்தநாளுக்குக் கேக்கு, கல்யாணத்துக்கு வாழைமரம், குழந்தைக்குத் தொட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் ஸ்டாம்பு வைத்திருந்தாள். கை வலிக்கு எதை வைப்பது? தமிழரசனிடம் கேட்டாள். “தைலம் பாட்டில் செதுக்கு” என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். இரண்டு நாள் யோசித்துவிட்டு, பச்சை அட்டையில் கொக்கையே குத்தி, ஓரத்தில் சரிகை வெட்டி, நாலு வெள்ளைப் பூ ஒட்டி அனுப்பினாள்.

அடுத்த மாதம் தாமரை. அதற்கடுத்து அணில். உள்ளே அதே வாசகம். மாதம் பிறந்தால் உபைதுல்லா ஞாபகமாகக் கூப்பிட்டு “அனுப்பிட்டீங்களாம்மா?” என்று கேட்பார். ஒரு தடவையாவது விஷயத்தைக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறப்பாள். அவர் நிதானமாக “நல்லாயிருங்கம்மா” என்று சொல்லி வைத்துவிடுவார். அதற்கு மேல் கேட்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிடுவாள். விடுகிறாளே தவிர, பூ ஒட்டும்போதெல்லாம் அந்த யோசனைதான். மாதாமாதம் ஒரு மனுஷிக்குக் கை வலிக்குமா? வலிக்கவில்லை என்றால் ஏன் கேட்க வேண்டும்?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை நாளில் தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, “சீல் கடை அக்கா, உங்களைத் தேடிக்கிட்டு வந்திருக்காங்க” என்றார். அவர் பின்னால் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள், தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். கையில் இன்னொரு பை. கருவாட்டு வாசனை அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிட்டது.

“பிரகதிங்கறது நீதானா?”

“ஆமாங்க. நீங்க?”

அந்த அம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் பிரகதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“என் கை வலி உனக்கு எப்படிம்மா தெரியும்?”

வந்திருப்பது மங்களாம்பிகை என்பது அப்போதுதான் பிரகதிக்கு உறைத்தது.

துண்டு கொடுத்து, காபி கொடுத்து உட்கார வைத்ததும் அந்த அம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். தரங்கம்பாடியில் மகன் வீட்டில் இருக்கிறாள். கருவாடு காயப்போடுகிற வேலை. ஒன்றரை வருடமாக வலது தோளிலிருந்து கை தூக்க முடியவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகன் வேலைக்குப் போகாதே என்பான். வீட்டில் சும்மா உட்கார அவளால் முடியாது. இந்த நேரத்தில்தான் கொக்குப் படம் போட்டு ஒரு அட்டை வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘கை வலிக்கலையேம்மா?’ என்றிருக்கிறது.

“நடுங்கிப் போயிட்டேன் பாப்பா. எங்க வீட்டுக் கூரைக்குத் தெரியாத விஷயம். மாசா மாசம் வருது. பின்னாடி பார்த்தா பிரகதி, பாபநாசம்னு போட்டிருக்கு. யாருடா இந்தப் பிரகதி, போன ஜென்மத்துல எனக்குப் பொறந்தவளான்னு ராத்திரியெல்லாம் யோசிப்பேன். மாயவரம், கும்மோணம்னு மூணு பஸ்சு மாறி, போஸ்ட் ஆபீஸ்ல கேட்டு வந்துட்டேன்.”

“அம்மா, அதை அனுப்பினது நான்…”

“தெரியும்மா. உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுது.”

நான் இல்லை என்று வாக்கியத்தை முடித்திருக்க வேண்டும். முடிக்க விடாமல் அந்த அம்மாள் கன்னத்தைத் தடவிவிட்டாள். பெயர் வேண்டாம் என்று சொன்ன உபைதுல்லாவின் குரல் வேறு நடுவில் வந்து நின்றது. பிரகதி தலையை ஆட்டினாளா, இல்லை என்று அசைத்தாளா என்பது பிற்பாடு யோசித்தபோது அவளுக்கே தெரியவில்லை. மங்களாம்பிகை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, நெத்திலிக் கருவாட்டுப் பையைக் கொடுத்துவிட்டு, மழை விட்டதும் பஸ் ஏறிவிட்டாள்.

“நீ அனுப்பலைன்னு சொல்லிட்டியா?” என்று தமிழரசன் கேட்டான்.

“சொல்லலை.”

“ஏன்?”

“அதான் எனக்கும் தெரியலை.”

மறுநாள் காலையில் முதல் வேலையாக உபைதுல்லாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

“நான்னு அவங்களுக்குத் தெரியலையா?” என்றார் அவர்.

“பாய், தப்பா நினைக்காதீங்க. எனக்கும்தான் தெரியலை. நீங்க யாரு அவங்களுக்கு?”

அவர் சொன்னார். கொரோனாவின் இரண்டாவது அலையில் அவருடைய மனைவி கமருன்னிஸாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவருக்கும் காய்ச்சல், கூத்தாநல்லூர் வீட்டில் ஓர் அறையில் அடைந்து கிடந்தார். யாரும் போய்ப் பார்க்க முடியாத காலம். ஒரு நாள் கமருன்னிஸாவின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது வார்டைக் கூட்டிப் பெருக்குகிற பெண். “அம்மாவுக்கு மூச்சு இழுக்குதுங்க. ஏதாச்சும் பேசணும்னா பேசுங்க, நான் காதுல வச்சுப் பிடிச்சுக்கறேன்” என்றாள்.

“குர்ஆன்லேர்ந்து யாசீன் ஓதினேன்மா. கலிமா சொன்னேன். முக்கால் மணி நேரம் இருக்கும். அவங்க போனைப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. நடுவுல எனக்கே கஷ்டமாப் போச்சு. கை வலிக்கலையேம்மான்னு கேட்டேன். ‘வலிக்கலைங்க, நீங்க ஓதுங்க’ன்னாங்க. முடிஞ்சுபோச்சுன்னு அவங்கதான் சொன்னாங்க. அதுக்கப்புறமும் உடனே போனை வைக்கலை. பேரு என்னம்மான்னு கேட்டேன், மங்களாம்பிகைன்னாங்க.”

ஆஸ்பத்திரிக் கேண்டீன்காரர் ஒருவர் மூலமாக அவளுடைய சொந்த ஊரைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆயிற்றாம். நேரில் போனால் உடைந்து அழுதுவிடுவேனோ என்று போகவில்லை. கடிதம் எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கு மேல் போகவில்லை. அந்த ஒரு கேள்வியே போதும், அதைப் படித்தால் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்தாராம்.

“அவங்க உங்களைன்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்மா. அவங்க மனசு நிறைஞ்சா சரி” என்று அவர் முடித்துக்கொண்டார்.

பிரகதிக்குத்தான் முடியவில்லை. ஒருவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொருவர் சீலைக் குத்தியது மாதிரி உறுத்தியது. கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் அட்டை போயிற்று. அந்த இரண்டின் பின்பக்கமும் தன் ஸ்டாம்பைக் குத்துவதா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ஒன்றில் குத்தினாள், இன்னொன்றில் குத்தவில்லை. பொங்கல் கழிந்து, சம்பா அறுவடைக்கு மிஷின் இறங்கி, தமிழரசன் கொள்முதல் நிலையத்திலேயே பழியாகக் கிடந்த நாளில், ஸ்டாம்புகளையும் பஞ்ச் மெஷின்களையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு தரங்கம்பாடிக்குக் கிளம்பினாள். எதற்கு அந்தப் பை என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது.

மங்களாம்பிகை கடற்கரைத் தெருவில் வலையை விரித்துக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் ஓடி வந்தாள். நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பிரகதி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உபைதுல்லா, கமருன்னிஸா, போன், யாசீன், கை.

மங்களாம்பிகை காக்காய் விரட்டுகிற குச்சியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“கூத்தாநல்லூரு அம்மாவா? உசரமா இருப்பாங்களா?”

“தெரியலையேம்மா.”

“மூக்குத்தி போட்டிருந்தாங்களா? ஜன்னலோரக் கட்டிலா?”

“நான் பார்த்ததில்லைம்மா.”

“நானும் ஒருத்தருக்கா போன் பிடிச்சேன்? ஆஸ்பத்திரியில கூட்டுற வேலைக்குத்தான் சேர்த்தாங்க. அப்புறம் யாரு பக்கத்துல நிக்கிறது? இந்தக் கட்டில்ல பிடி, அந்தக் கட்டில்ல பிடின்னு ஒரே ஓட்டம். ஓதினது ஞாபகம் இருக்கு. அதுவும் மூணு பேருக்கு ஓதினாங்க. யாரு எதுன்னு எல்லாம் கலந்து கிடக்கு பாப்பா.” இடது கையால் குச்சியை ஓங்கி ஒரு காக்காயை விரட்டினாள். “அப்ப, இந்தக் கை வலி?”

“அது அவருக்குத் தெரியாதும்மா. அவர் கேட்டது அன்னைக்கு வலிச்சதை.”

மங்களாம்பிகை சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “யாரோ ஒரு ஆளு என் வலியைத் தெரிஞ்சுக்கிட்டு மாசா மாசம் கேக்குதுன்னு இருந்தேன்” என்றாள்.

பிரகதிக்குத் தான் எதைக் கொண்டுவந்து எதை எடுத்துக்கொண்டு போகிறோம் என்று புரியவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். சொன்னதும் அந்த அம்மாளிடமிருந்த ஒன்று போய்விட்டது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள்.

“நல்லா ஞாபகம் இருக்குன்னு அவர்கிட்ட சொல்லிடவா?” என்று மங்களாம்பிகை கேட்டாள்.

“தெரியலைம்மா” என்றாள் பிரகதி. அன்றைக்கு எத்தனை ‘தெரியலை’ சொன்னாளோ.

“அந்தப் பையில என்ன?”

பஞ்ச் மெஷின்களை எடுத்து வைத்தாள். மங்களாம்பிகை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பட்டாம்பூச்சியைத் தேர்ந்தெடுத்தாள். வலது கையால் அழுத்த முடியவில்லை. இடது உள்ளங்கையை வைத்து, உடம்பு பாரம் முழுக்கக் கொடுத்து அழுத்தினாள். முதல் பட்டாம்பூச்சிக்கு ஒரு சிறகு கிழிந்து வந்தது. “இருக்கட்டும்” என்று அதையே ஒட்டினாள். நெற்கதிர் ஸ்டாம்பு பாதி பதிந்து பாதி மங்கியது. பிறகு பேனாவை வாங்கி, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு கோணல்மாணலாக எழுதினாள்.

‘உங்க வீட்டம்மாவ தனியா ஞாபகம் இல்லைங்க. நெறய பேரு. நீங்க எல்லாரும் ஓதினது காதுல இருக்கு. அன்னைக்கு வலிக்கல. இப்பதான் வலிக்குது. மங்களாம்பிகை.’

“இப்படியே அனுப்பலாமா?” என்று பிரகதி கேட்டாள். பிறகு பழக்கதோஷத்தில் “இப்படியேதானே?” என்றும் கேட்டாள்.

“இப்படியே போடு.”

அந்த அட்டை கூத்தாநல்லூருக்குப் போன பிறகு உபைதுல்லாவிடமிருந்து அழைப்பு வரவில்லை. மாசி பிறந்தது, அட்டை அனுப்பச் சொல்லவில்லை. பங்குனியும் பிறந்தது. இவளாகக் கூப்பிடத் துணிச்சல் இல்லை. ஞாபகம் இல்லை என்று எழுதியது அவரைச் சுட்டிருக்குமோ என்று நினைத்தாள். நாம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இரண்டு பேரும் அவரவர் நினைப்பில் சந்தோஷமாக இருந்திருப்பார்களே என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே, அது பொய்ச் சந்தோஷம்தானே என்றும் நினைத்தாள். தமிழரசன் காலையில் “நீ செஞ்சது சரிதான்” என்பான். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் “இருந்தாலும் சொல்லியிருக்க வேணாமோ” என்பான். அவனைக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

யாரும் சொல்லாமல் அவளே ஒரு அட்டை செய்தாள். வெள்ளை அட்டை, ஓரத்தில் மட்டும் சரிகை. ‘டாக்டரைப் பாத்தீங்களா அம்மா? பாக்காம இருக்காதீங்க. இது நான் எழுதறது, பிரகதீஸ்வரி’ என்று முழுப் பெயரையும் கையாலேயே எழுதித் தரங்கம்பாடிக்குப் போட்டாள்.

நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கி, “பிரகதி அக்காங்களா? நான் சாஜிதா. உபைதுல்லா மக” என்றாள்.

“பாய் நல்லா இருக்காங்களா?”

“அத்தாவுக்குக் கண் ஆபரேஷன்க்கா. ஒரு மாசம் போனே தொடக்கூடாதுன்னுட்டாங்க. கட்டுப் பிரிச்ச மறுநாள், தபால்ல வந்து கிடந்த ஒரு அட்டையைப் படிச்சுட்டு, தரங்கம்பாடிக்குக் கார் வைக்கச் சொன்னாங்க. என்னை வர வேணாம்னுட்டாங்க.”

“போனாங்களா? பேசினாங்களா?”

“டிரைவர்ட்ட கேட்டேன். ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்களாம். பேசின மாதிரியே தெரியலைன்னார். அப்புறம் அத்தா அந்தம்மாவையும் அவங்க மகனையும் கார்ல ஏத்திக்கிட்டுப் போய் மாயவரத்துல எலும்பு டாக்டர்ட்ட காட்டியிருக்காங்க. தோள்பட்டை இறுகிப்போச்சாம். தினம் சுவத்துல கையை ஏத்தி ஏத்திப் பழகணும்னு சொல்லிவிட்டாராம். அத்தா வந்து என்கிட்ட ஒண்ணுமே சொல்லலை. எங்கம்மா போட்டோவைத் துடைச்சு வேற இடத்துல மாட்டினாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கலைக்கா. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

பிரகதி நாற்காலியை இழுத்துப் போட்டாள். எங்கிருந்து ஆரம்பிப்பது? பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்றால் கோபமா, நிம்மதியா? அந்த ஒரு மணி நேரத்தில் மங்களாம்பிகைக்குக் கமருன்னிஸாவின் ஞாபகம் வந்ததா, இல்லையா? அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

“தெரிஞ்சதை நிதானமாச் சொல்றேன். முதல்ல உக்காரும்மா” என்றாள்.

சாஜிதா உட்கார்ந்து, கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். பெருநாள் வாழ்த்து அனுப்ப உபைதுல்லா தன் கையால் எழுதிய பட்டியல். நாற்பத்திரண்டு பேர். மச்சான், கொழுந்தியாள், மலேசியாவில் இருக்கிற தம்பி மகன், பள்ளிவாசல் இமாம். பதினேழாவது வரியில் ‘மங்களாம்பிகை, தரங்கம்பாடி’ என்று இருந்தது. மேலும் கீழும் சொந்தக்காரர்கள்.

பிரகதி ஒவ்வொரு பெயராக விரலை வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். முப்பத்தொன்பதாவது வரியில் விரல் நின்றது. ‘பிரகதீஸ்வரி, பாபநாசம்’ என்று எழுதியிருந்தது.

“இது நான்தானே?” என்று கேட்டாள்.

“நீங்கதாங்க்கா.”

“நான்தானா? எனக்கு அனுப்புற அட்டையை நானே செஞ்சு, நானே தபால்ல போடணுமா?”

சாஜிதாவுக்கும் அது அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். “அத்தா லிஸ்ட்ல இருக்கிற எல்லாருக்கும் போகணும்னு சொல்லிவிட்டாங்க” என்றாள் தயக்கமாக.

பிரகதி ஸ்டாம்புப் பெட்டியைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டாள். பிறை இருந்தது, ரோஜா இருந்தது, பறவை இருந்தது. இத்தனை வருடத்தில் தனக்கென்று ஒரு படத்தை அவள் தேர்ந்தெடுத்ததே இல்லை. எதை எடுப்பது என்று தெரியாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.